பெரிய முடக்கொத்தான்

யாழ்ப்பாணத்தில் ஆறு என்றால் மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறுதான். அதனால் சிட்னியில் டூங்காபி ஓடைக்குப் பக்கத்தில் வீடு வாங்கியபோது, கோடையிலும் தண்ணீர் ஓடுகிறதே என்பதே எனக்குப் புதினம். சேற்றில் கவிழ்ந்து கிடந்த சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி கண்ணில் படவில்லை. இந்த ஓடைதான் கீழே டார்லிங் மில்ஸ் ஓடையோடு சேர்ந்து பரமட்டா ஆறாகிறது.

மாதத்தில் ஒரு ஞாயிறு அயலவர்கள் கூடிக் களை பிடுங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கமக்காரன் பிள்ளை, வெங்காயப் பாத்தியில் பழகிய கை. அரை மணித்தியாலத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலத்தை மொட்டையடித்துவிட்டு நிமிர்ந்தேன். குழுவை நடத்துகிற மூதாட்டி பாராட்டவில்லை. வெறும் மண்ணைக் காட்டி, "அடுத்த மழைக்கு இதில் வரப்போவதும் களைதான்" என்றார்.

1960களில் சிட்னியின் மொஸ்மனில் ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் வகுத்த முறையில்தான் அவர் வேலை செய்கிறார். நல்ல காடு மிஞ்சியிருக்கிற இடத்தில் தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கி நகர வேண்டும். மண்ணைக் கிளறக் கூடாது. உள்ளூர்ச் செடி தானாக முளைத்து வருகிற வேகம் எதுவோ, அதுதான் நம் கையின் வேகமும். எனக்கோ தலைகீழ்ப் பாடம். நாங்கள் மோசமான மூலையில்தானே முதலில் மண்வெட்டி போடுவோம்! நாயுண்ணிப் பற்றையைக்கூட ஒரேயடியாக வெட்ட அவர் விடமாட்டார். நீலத்தலைச் சின்னக் குருவிகளுக்கு இப்போதைக்கு அதுதான் மறைவிடம்.

சவுக்கு மரமொன்றை உச்சிவரை போர்த்து மூடியிருந்தது ஒரு கொடி. கிட்டப் போனால் காற்றடைத்த காய்கள். ஒன்றை உடைத்தேன். மூன்று அறை, அறைக்கொரு கருமணி, மணிக்கொரு வெள்ளைப் பொட்டு. அம்மா ரசம் வைக்கிற முடக்கொத்தானேதான்! ஆனால் காய் இரண்டு மடங்கு பெரிது. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த ஒன்றுவிட்ட உறவு. காய் தண்ணீரில் விழுந்தால் தோணிபோல மிதந்துபோய் அடுத்த வளைவில் கரையேறிவிடும். இடுப்பளவில் தண்டை வெட்டி, மேலே உள்ளதைத் தொங்கியபடி காயவிட்டு, வேரைக் கையால் எடுத்தோம். இரண்டு மணித்தியாலம், முழங்காலில்.

வீட்டில் மனுசி கேட்டார்: "ஒரு பிடி கொண்டு வந்திருக்கலாமேயப்பா? மூட்டு நோவுக்கு ரசம் வைச்சிருப்பன்."

"அது வேற இனம், தின்னக் கூடாது."

"அப்ப இருங்கோ," என்று கோடாலித் தைலப் போத்தலை எடுத்து வந்தார்.