காலியாக வந்த பட்டியல்

குவெரியில் எரர் வந்தால் காரணத்தைத் தேடமாட்டேன், எரர் மறைந்தால் போதும் என்றிருப்பேன். பல ஆண்டுகள் இப்படித்தான் வேலை பார்த்தேன். உள்குவெரி ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளைத் தருகிறது என்று மைஎஸ்க்யூஎல் 1242-ஆம் எண் எரரைக் காட்டினால், உள்ளே ஒரு 'லிமிட் 1' சேர்ப்பேன். ஓடிவிடும். ஒரே மாணவருக்கு ஏன் இரண்டு வங்கிக் கணக்குகள் பதிவாகியிருக்கின்றன என்று அந்த எரர் என்னைக் கேட்டிருந்தது. இரண்டில் எது முதலில் அகப்பட்டதோ அதை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். 2015-இல் வந்த 5.7 பதிப்பு, 'குரூப் பை'யில் சேராத ஃபீல்டைக் கேட்டால் 1055 எரர் தரத் தொடங்கியது. நான் குவெரியைத் திருத்தவில்லை. செட்டிங்கில் அந்தக் கண்டிப்பையே எடுத்துவிட்டேன். ஜாயினில் வரிகள் இரட்டித்தால் 'டிஸ்டிங்க்ட்' போட்டேன்.

இந்தப் பழக்கத்தால், எரர் இல்லையென்றால் விடை சரி என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் ஓர் அறக்கட்டளைக்கு நாங்கள் மென்பொருள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தந்த மாதம் யாருக்கெல்லாம் பணம் போகவில்லை என்று பட்டியல் எடுத்துத் தருவது என் பொறுப்பு. மாணவர் டேபிளில் இருந்து, பட்டுவாடா டேபிளில் இல்லாத எண்களை 'நாட் இன்' போட்டு எடுக்கும் குவெரி. நான் எழுதியது, மாதாமாதம் ஓடியது. ஒரு மாதம் ஒரு வரிகூட வரவில்லை. எரரும் இல்லை. "எல்லோருக்கும் பணம் போய்விட்டது, பாக்கி யாரும் இல்லை" என்று மெயில் அனுப்பினேன். மொத்த மாணவர் எத்தனை, பணம் போனது எத்தனை பேருக்கு என்று ஒரு கவுண்ட் எடுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அது தேர்வுக் கட்டணம் கட்டும் நேரம். பணம் வரவில்லை என்று முதலில் ஒரு மாணவியின் அம்மா போன் செய்தார், பிறகு வேறு பலரும். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த வட்டியை யாரும் திருப்பித் தரவில்லை.

உள்குவெரியைத் தனியாக ஓட்டிப் பார்த்ததும் காரணம் கண்ணில் பட்டது. பட்டுவாடா டேபிளில் ஒரே ஒரு வரியில் மாணவர் எண் இல்லை. 'நல்' என்று இருந்தது. எஸ்க்யூஎல்-இல் 'நல்' என்பது பூஜ்யமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. மதிப்பு தெரியவில்லை என்பதற்கான குறி அது. 17 என்ற எண் 12, 15, 'நல்' ஆகியவற்றில் இல்லையா என்று கேட்டால், 12 அல்ல, 15 அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் தெரியாத அந்த மூன்றாவது 17-ஆகவே இருக்கலாமே? அதனால் மொத்த விடையும் 'தெரியாது' என்றாகிவிடும். 'வேர்' நிபந்தனை, விடை 'உண்மை' என்று வரும் வரிகளை மட்டுமே வெளியே விடும். ஆகவே உள்ளே ஒரு 'நல்' இருந்தால், ஆயிரம் மாணவர்கள் இருந்தாலும் 'நாட் இன்' ஒருவரைக்கூடக் காட்டாது. ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு அடித்தளமிட்ட ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், உண்மை, பொய், தெரியாது என்ற இந்த மும்மை விடையைத் தம் 1979-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே பேசியிருக்கிறார். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றி எழுதினால் போதும், பட்டியல் சரியாக வரும். மாற்றினேன், வந்தது.

இதுவரை சொன்னது அறியாமை. அடுத்துச் செய்ததை அறிந்தே செய்தேன்.

மேலாளர் காரணம் கேட்டார். "மாணவர் எண் இல்லாமல் ஒரு என்ட்ரி ஏறியிருக்கு சார், அதனாலதான் லிஸ்ட் வரல" என்றேன். குவெரி தவறு என்று சொல்லவில்லை. டேட்டா என்ட்ரி பார்த்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். "அது ஒரு காலேஜுக்கு மொத்தமா கொடுத்த அட்வான்ஸ் சார். யார் யாருக்குன்னு லிஸ்ட் இன்னும் வரல. அதான் காலியா விட்டேன்" என்றார். அவர் செய்தது முற்றிலும் சரி. தெரியாததைத் தெரியாது என்றே பதிந்திருந்தார். 'நல்' இருப்பதே அதற்குத்தான். அந்த அறையில் இதைப் புரிந்துகொள்ளக்கூடியவன் நான் ஒருவன்தான். பேசாமல் நின்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர்.

அதோடு நிற்கவில்லை. இனி மாணவர் எண் இல்லாமல் பதியவே கூடாது என்று முடிவெடுத்தார்கள். அந்த ஃபீல்டை 'நாட் நல்' ஆக்கச் சொன்னார்கள், ஆக்கியதும் நான்தான். அதன்பிறகு அட்வான்ஸ் வந்தபோதெல்லாம் அவர் ஏதாவது ஒரு மாணவர் எண்ணைப் போட்டுப் பதிய வேண்டியதாயிற்று. வேறு வழி அவருக்கு இல்லை. காலியான இடம் இருந்தபோது பட்டியல் நின்றுபோனது, கேள்வி எழுந்தது. பொய்யான எண் வந்தபின் எந்தக் குவெரியும் தடுமாறவில்லை. பணம் பெறாத ஒருவர் பெற்றவராகப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விடுபட்டார்.

பின்னாளில் அந்த ஃபீல்டைப் பழையபடி மாற்றி, அட்வான்ஸுக்கென்று தனி டேபிள் போட்டேன். பொய் எண்களை ரசீதோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். மேலாளரிடமும் உண்மையைச் சொன்னேன். அதற்குள் அந்தப் பெண் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த விவகாரத்தில் அவர்மேல் எழுதப்பட்ட குறிப்பை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். அவரைத் தேடிப் போய்ச் சொல்லும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை.