பையும் பிஸ்கட் பெட்டியும்

நேற்று அந்திக்கு வட்டகொடை ஸ்டேஷனில் ஒரு ஆமிக்காரத் தம்பி ரயிலை விட்டு இறங்கினார். தோளில் பச்சைப் பை, கையில் பிஸ்கட் பெட்டி. பக்கத்தில் நின்ற மாமா மெதுவாகக் கேட்டார்: "துவக்கு எங்கடா?"

அது முகாமில், மாமா. லீவுக்கு அது வராது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே சிப்பாயின் சொந்தத் துவக்கே பெரிய தலைவலி. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, துவக்கு வாங்குகிற விஷயத்தில் அவர் வேலை பார்க்கிற மாநிலமும் அவருக்குச் சொந்த மாநிலம்தான். ஆனால் இடுப்பில் மறைத்துக் கொண்டுபோக ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். டெக்சாஸில் வாங்கிய அனுமதி கலிபோர்னியாவில் செல்லாது. நாட்டுக்காகச் சண்டை போடுகிறவனை நம்ப மாட்டீர்களா என்று அந்தச் சிப்பாய்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனாலும் யூனிபோர்மைக் கழற்றினால் அவரும் நம்மைப்போல ஒரு ஆள் என்பதுதான் என் கட்சி.

இங்கே இலங்கையில் நமக்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் ஓடுகிறது. பயிர்க் காவலுக்கு ஒரு லைசன், உயிர்க் காவலுக்கு வேறு லைசன். தற்காப்புக்குக் கொடுத்த துவக்குகளை 2024 நவம்பர் 7க்குள் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னது பாதுகாப்பு அமைச்சு. அந்த உத்தரவு எனக்குப் பிடித்திருந்தது.

சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்ற காலம் மாமாவுக்கு மறக்கவில்லை. அதனால்தான் ஸ்டேஷனில் அந்தக் கேள்வி.

மரக்கறித் தோட்டத்துக்குத் துவக்கு வைத்திருக்கிற சொந்தங்களே, வருஷ முடிவுக்குள் லைசனைப் புதுப்பித்துவிடுங்கள். பன்றிக்குக் கட்டுத்துவக்கு மட்டும் வைக்காதீர்கள். பன்றி வரும் பாதையில்தான் நம் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.