ஊமத்தையும் எச்-குறியீடும்

1964இல் தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் சிப்ரா குகாவும் எஸ். சி. மகேசுவரியும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். ஊமத்தையின் மகரந்தப்பையை ஊட்ட ஊடகத்தில் வளர்த்தபோது அதனுள்ளிருந்து கருவுருக்கள் தோன்றின என்பதே அதன் சாரம். பாதிக் குரோமோசோம்களை மட்டுமே கொண்ட ஒற்றைமடியச் செடிகளை உருவாக்க அது வழிதிறந்தது. அவற்றின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினால் ஒரே தலைமுறையில் தூய கால்வழி கிட்டும். தற்கலப்பால் அதை அடையப் பல தலைமுறைகள் வேண்டும். நெல், கோதுமை, பார்லி ஆகியவற்றின் பயிர்ப்பெருக்கத்தில் இம்முறை இன்றும் பயன்படுகிறது.

2005இல் ஹிர்ஷ் வகுத்த எச்-குறியீடோ, இத்தகைய ஒரு கட்டுரை எத்தனை ஆயிரம் மேற்கோள்கள் பெற்றாலும் அதற்கு ஒரு புள்ளிக்கு மேல் தருவதில்லை. ஒரு செய்முறை பாடநூலில் நிலைபெற்றதும் மூலக் கட்டுரையைச் சுட்டும் வழக்கமும் குறைந்துவிடுகிறது.

ஆண்டுக்கு ஒரே பருவம் விளையும் பயிரை ஆராயும் என்னைப் போன்றோரின் அடுத்த பணியும் நிதிநல்கையும் அந்த எண்ணைச் சார்ந்தே நிற்கின்றன. எண்ணே கூடாது என்பது என் வாதமன்று. விண்ணப்பதாரர் தம் கட்டுரைகளுள் சிறந்ததெனக் கருதும் ஒன்றைத் தேர்வுக் குழு முழுமையாகப் படிக்கட்டும்; அதன் பின்பு அந்த எண்ணைப் பார்க்கட்டும்.