ஊழியத்தில் பெற்ற பெலன்

இக்கலாசாலையில் யான் இரண்டாம் ஆண்டு பயின்ற 2017-ஆம் ஆண்டில், எங்கள் ஊர்ச் சபையின் வாலிபர் ஐக்கியத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஞாயிறுதோறும் மாலையில் இருபதுக்குக் குறையாத வாலிபர் கூடுவர். வேதபாடமும் பாட்டும் தடையின்றி நடந்துவந்தன. ஊழியம் எளிதென்று எண்ணிச் சற்றே இறுமாந்திருந்தேன்.

அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கிற்று. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் கரை திரும்பவில்லை. உள்நாட்டில் ரப்பர் மரங்கள் முறிந்தன. குலை தள்ளிய வாழைகள் நிலத்தோடு சாய்ந்தன. எங்கள் ஊர் மின்விளக்கின்றி இருண்டது. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் வந்தமர்ந்த வாலிபர் நால்வரே. அவருள் ஒருவனுடைய தகப்பனார், கடன்பட்டுப் பாட்டத்துக்கு எடுத்த நிலத்தில் வைத்த வாழை முழுவதையும் இழந்திருந்தார். அவன் என்னை நோக்கி, “அண்ணா, சென்ற வாரமும் ஜெபித்தோமே, தேவன் கேட்கவில்லையா?” என்றான். யான் கற்றிருந்த வசனங்களுள் ஒன்றேனும் என் நாவில் எழவில்லை. வீடு திரும்பியதும், இப்பொறுப்பினின்று என்னை விடுவிக்குமாறு போதகருக்குக் கடிதம் எழுதினேன்.

அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இராஜாக்கள் முதலாம் புஸ்தகத்தின் 19-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். யேசபேலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடிய எலியா, சூரைச்செடியின்கீழ் அமர்ந்து சாவை வேண்டுகிறான். தேவன் அங்கே அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை; அவனோடு தர்க்கிக்கவுமில்லை. தூதன் அவனை இருமுறை எழுப்பிப் புசிக்கச் சொல்கிறான். அடையும் தண்ணீரும் அவனுக்குக் கிடைக்கின்றன. மெல்லிய சத்தம் அதன் பின்னரே வருகிறது. தான் ஒருவனே எஞ்சியதாக முறையிட்டவனுக்கு, இஸ்ரவேலில் இன்னும் 7000 பேர் உண்டென்று அறிவிக்கப்படுகிறது. பலமுறை கேட்ட அவ்வரலாறு அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

மறுநாட் காலையில் கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, வெட்டுக்கத்தியுடன் அவ்வாலிபனுடைய தோட்டத்துக்குச் சென்றேன். மற்ற மூவரும் எனக்கு முன்னரே அங்கு வந்து, சாய்ந்த வாழைகளை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தனர். நண்பகலில் அவன் தாயார் மரச்சீனிக்கிழங்கு அவித்து எங்களுக்கு இட்டார். யாவும் இழந்தவர் கையினின்று உண்ட அவ்வுணவை யான் மறவேன். பெலன் கொடுக்கச் சென்ற யான் பெலன் பெற்றுத் திரும்பினேன்.

அவ்வாழைகள் மீண்டும் எழவில்லை. அக்கடனும் உடனே தீரவில்லை. அவன் கேட்ட வினாவுக்கு முழு விடை இன்றும் என்னிடம் இல்லை. ஆயினும் மறு ஞாயிறு அவன் வந்தான், யானும் சென்றேன். அக்கடிதம் போதகர் கையை அடையவேயில்லை.

வாலிபர் ஊழியத்தில் இறங்கும் இளைய சகோதர சகோதரிகளே, சொல்லற்று நிற்கும் நாள் உங்களுக்கும் வரும். அந்நாளில் உங்கள் விசுவாசம் ஒழிந்துபோயிற்றென்று எண்ணற்க. துன்பப்படுகிறவன் வீட்டு வாசலுக்கு மறுநாட் காலையில் நடந்து செல்லுங்கள். அதற்குரிய பெலனைக் கர்த்தர் அருள்வார். உங்களுக்கு முன்னரே அங்கு சிலரை அனுப்பியும் இருப்பார்.