பென் டிரைவில் வந்த குரவை

கட்டாரிலிருந்து காசு அனுப்பிய அன்று வாப்பா போனில், "டீவிக்கு நல்ல பெட்டி ஒன்று பாத்து வாங்குங்க மகள், உம்மாவுக்குத் தெளிவாக் கேக்கணும்" என்றார். தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

உம்மாவுக்கு இடது காது மந்தம். ஆனால் உண்மையான காரணம் ஒரு பென் டிரைவ். 2002இல் நடந்த உம்மா வாப்பாவின் கல்யாண வீடியோ கெசட்டை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டு போனது. மூத்தம்மாவையும் அன்றுதான் இழந்தோம். கண்டியிலுள்ள மாமி வீட்டில் ஒரு பிரதி இருந்தது. அதைக் கணினிக்கு மாற்றி அனுப்பியிருந்தார். போனில் போட்டோம், இரைச்சல்தான் கேட்டது.

கல்முனையில் ஒரு கடையில் '8கே' என்று பெரிதாக அச்சிட்ட பெட்டியைக் காட்டினார்கள். விலையும் மலிவு. சாச்சி வீட்டில் அப்படியொன்று இருப்பதால் நான் மயங்கவில்லை. அதில் நெட்பிளிக்ஸ் படம் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் கலங்கித் தெரியும். அச்சேவைகள் படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. வைட்வைன் என்ற அந்தப் பூட்டைப் பெட்டியின் சில்லுக்குள்ளேயே பாதுகாப்பாகத் திறக்கும் வசதிக்கு எல்1 என்று பெயர். அது இல்லாத பெட்டிக்கு, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், தரம் குறைந்த படமே கிடைக்கும். எங்கள் டீவியோ 43 அங்குலம். ஒன்பது அடி தள்ளி இருந்து பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் சாதாரண எச்டிக்கும் 4கேக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. 8கேயை வைத்து என்ன செய்ய?

பிறகு நல்லவற்றைத் தேடினேன். என்விடியா ஷீல்ட் புரோ எல்லாம் செய்யும். விலையைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். அப்பிள் டீவியில் பென் டிரைவ் குத்த இடமே இல்லை. ஷாவோமி டீவி பொக்ஸ் எஸ் இரண்டாம் தலைமுறையில் ஒரு யுஎஸ்பி துளை உண்டு, நெட்பிளிக்ஸ் அனுமதியும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசில் ஒரு சவுண்ட்பார் வாங்கினேன்.

"பெட்டி வாங்கச் சொன்னா கம்பு வாங்கி வந்திரிக்கா" என்று காக்கா சிரித்தார்.

மெல்லிய டீவிகளின் ஒலிபெருக்கி பின்னாலோ கீழேயோ பார்த்திருக்கும். சத்தம் சுவரில் பட்டுத்தான் நமக்கு வருகிறது. போதாததற்கு, படங்களில் பேச்சு பெரும்பாலும் நடு அலைவரிசையில் தனியாக இருக்கும். டீவி ஆறு அலைவரிசைகளையும் இரண்டாகச் சுருக்கும்போது பேச்சும் இசையும் ஒரே குழம்பாகிவிடும். நடுவில் தனி ஒலிபெருக்கி உள்ள சவுண்ட்பாரில் பேச்சு பிரிந்து நிற்கும். டீவியில் 'ஏஆர்சி' என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையிலிருந்து ஒரே வயர் போதும். இணையச் சேவைகள் அனுப்பும் டொல்பி ஒலியை அது தாங்கும். 'ஈஏஆர்சி' வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதற்கு நான் தலையாட்டவில்லை.

அன்றிரவு கல்யாண வீடியோவைப் போட்டோம். மாப்பிள்ளை வாப்பா விக்கி விக்கி நடந்து வந்தார். எல்லோரும் சிரித்தார்கள்; எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் விளங்கியது. நம் நாட்டு வீடியோ செக்கனுக்கு 25 சட்டகங்கள். பெட்டி திரையை 60 தடவை புதுப்பிக்கிறது. அறுபதில் இருபத்தைந்து சரியாக அடங்காததால் சில சட்டகம் இரண்டு தடவையும் சில மூன்று தடவையும் நிற்கும். கோடி என்றொரு மென்பொருள் இருக்கிறது (பெயரில்தான் கோடி, சல்லிக்காசு இல்லை). அதன் அமைப்பில் திரையின் வேகம் வீடியோவுக்கு ஏற்ப மாறும்படி வைத்தேன். திரை 50க்கு மாறியது. வாப்பா மாப்பிள்ளையாகவே நடந்தார்.

வாசலில் பெண்கள் குரவையிட்டார்கள். உம்மா வலது காதைத் திருப்பிக்கொண்டு முன்னுக்கு வந்து இருந்தார். மூத்தம்மா படத்தில் எங்குமே இல்லை. கெமராக்காரர் மாப்பிள்ளையைத்தான் பிடித்திருக்கிறார்.

"எல்லாரும் நிப்பாட்டின பொறகு ஒரு குரல் இழுக்குது, கேட்டயளா? அது உம்மா."

யாரும் பேசவில்லை. நான் ரிமோட்டை எடுத்துப் பின்னுக்குத் தள்ளினேன். மறுபடியும் தள்ளச் சொன்னார். கட்டாரில் வாப்பா வேலை முடிந்து அழைப்பு எடுத்தபோது, போனைச் சவுண்ட்பாருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார் உம்மா.