முக்காலியும் அம்பது ரூவா நோட்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா கடந்த ரெண்டு வாரமா ராத்திரி 11 மணிக்கு மேல நான் புடுங்கிக்கிட்டு இருந்தது ஆபீஸ் ஆணி இல்லை. கார்பன் ஃபைபர்ல செஞ்ச டிராவல் ட்ரைபாட் ஒண்ணை இணையக் கடைக் கூடையில போடறதும் எடுக்கறதுமா பொழுது போச்சு. விலை 22,000 ரூபாய். ஒரு நாள் பின்னாடி நின்னு பார்த்த தங்கமணி, "பரண்ல ஏற்கெனவே ஒண்ணு கெடக்கே, அதுக்குக் கால் ஒடஞ்சு போச்சா?"ன்னு கேட்டாங்க.

கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. முதல் வேலையில முதல் போனஸ் வந்தப்ப வாங்கின அலுமினிய முக்காலி. எடை 2.4 கிலோ, மடக்கினாலும் 70 சென்டிமீட்டர் நீளம். பஸ்ல மேலே வைக்க முடியாது, கீழே வச்சா பக்கத்து சீட்காரர் காலை இடிக்கும். புதுசு 1.3 கிலோதான். காலை அப்படியே மேல் நோக்கி மடக்கினா தண்ணி பாட்டில் மாதிரி பையோட பக்கத்துல செருகிக்கலாம். வித்தியாசம் 1.1 கிலோ. அப்ப கிலோவுக்கு 20,000 ரூபாய்! முந்திரிப் பருப்பே அவ்வளவு கிடையாதே சாமி.

பொட்டி தட்டறவன் புத்தி எங்கே போகும்? பைத்தான்ல சின்னதா ஒரு நிரல் எழுதி, கடைசியா போன அஞ்சு ஊர்ப் பயணத்துப் படங்களையும் அலச விட்டேன். ஒவ்வொரு படத்துக்குள்ளயும் ஷட்டர் வேகம் பதிவாகி இருக்குமே, அதை எடுத்துப் பட்டியல் போடறதுதான் வேலை. மொத்தம் 7,340 படம். அதுல ட்ரைபாட் வச்சு எடுத்தது சுமாரா 190. நூத்துக்கு மூணு கூட இல்லை. இந்த மூணு சதவீதத்துக்காகத்தான் அஞ்சு ஊருக்கும் 2.4 கிலோவைச் சுமந்திருக்கேன்.

சரி, அது இல்லாம முடியாதான்னு கணக்குப் பார்த்தேன். சூரியன் மறைஞ்ச பிறகு வானம் கருநீலமா இருக்குமே, அந்த நேரத்துல எஃப் 11, ஐஎஸ்ஓ 100 வச்சா 8 நொடி தேவைப்படுதுன்னு வைங்க. அதையே எஃப் 2.8க்குத் திறந்தா அரை நொடி. ஐஎஸ்ஓவை 3200க்கு ஏத்தினா 1/60. கையிலேயே எடுத்துடலாம். கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும், அதைத் துடைக்க இப்ப நல்ல மென்பொருள் இருக்கு. கேமராவுக்குள்ளயே சென்சாரை அசைச்சுக் கை நடுக்கத்தைச் சமாளிக்கற வசதியும் வந்தாச்சு. அகலக் கோண லென்ஸ்ல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அரை நொடி வரைக்கும் கையில பிடிச்சு எடுக்கறாங்க. 2018ல பிக்சல் போன்ல இரவுப் படம் எடுக்கற வசதி வந்ததுல இருந்து தங்கமணி போனை நீட்டி ஒரு தட்டு தட்டிட்டு, நான் இன்னும் காலை நீட்டிக்கிட்டே இருக்கறதை வேடிக்கை பார்க்கறாங்க. அந்த வயித்தெரிச்சல் தனிக் கதை :-)

கையில எடுக்கவே முடியாததுன்னா நட்சத்திரம். பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துது, அதனால நிறைய நேரம் திறந்து வச்சா புள்ளி கோடாயிடும். 500ஐ லென்ஸோட தூரத்தால வகுக்கணும்னு ஒரு பழைய கணக்கு உண்டு. என் கேமராவுல 18 மி.மீ.ங்கறது 27க்குச் சமம். வகுத்தா 18 நொடி. 18 நொடி கை ஆடாம நிக்க நான் என்ன கோயில் துவாரபாலகரா? அப்புறம் அருவித் தண்ணி பால் மாதிரி வழியணும்னா அதுக்கும் முக்காலி வேணும். (குற்றால சீசன்ல அந்தக் கூட்டத்துக்கு நடுவுல மூணு காலை விரிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.) எடை குறைஞ்ச முக்காலின்னா கடைசித் துண்டுக் கால் பென்சில் கனம்தான் இருக்கும். எங்க ஊருக்குத் தெக்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி, ஆடிக் காத்துல அதை நிறுத்தினா கேமராவோட சேர்ந்து காத்தாடி ஆகிடும். நடுத்தண்டை ஏத்தாம, கொக்கியில பையைத் தொங்கவிட்டுச் சமாளிக்கலாம். எப்படியும் பையைச் சுமந்துதானே ஆகணும்.

இவ்வளவும் எக்ஸெல்ல போட்டு 'வேண்டாம்'னு முடிவு எழுதி வச்சேன். அப்புறம் ஹால் சுவத்தைப் பார்த்தேன். சட்டம் போட்டு மாட்டினது மூணே மூணு படம். அதுல ரெண்டு, இந்தப் பழைய முக்காலி எடுத்தது. இப்ப இந்த மூணு சதவீதத்தை என்ன செய்ய?

ரெண்டுமே 2022 டிசம்பர்ல ஹம்பியில எடுத்தது. முதல் படம் ஹேமகூட மலைப் பாறையில. அம்மாதான், "எய்யா, நீ ஒரு போட்டோலயும் இல்லியே"ன்னாங்க. முக்காலியை விரிச்சு 10 நொடி டைமர் வச்சு ஓடிப் போய் நின்னேன். நாலு பேரும் சிரிக்கறோம், அப்பா மட்டும் கேமரா விழுந்துடுமோன்னு அதையே முறைச்சுக்கிட்டு இருக்காங்க. நானும் அப்பாவும் சேர்ந்து நிக்கற படம், என் கல்யாண ஆல்பத்தை விட்டா, அது ஒண்ணுதான்.

ரெண்டாவது, மறுநாள் மாதங்க மலை உச்சியிலிருந்து எடுத்தது. கீழே அச்சுதராயர் கோயில், தள்ளி துங்கபத்திரை, மேலே கருநீலம். அதை எல்லாரும் பாராட்டுவாங்க. அதுக்கு நான் அப்பாவை 40 நிமிஷம் பாறையில உட்கார வச்சேன். அவங்களுக்கு அப்பவே முட்டி வலி உண்டு. சூரியன் மறைஞ்சதும் மத்தவங்க இறங்கிப் போயிட்டாங்க. "முடிஞ்சுதால?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. நானும் ரெண்டு தடவையும் "இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா"ன்னேன்.

இறங்கும்போது நல்ல இருட்டு. முதுகுல கேமராப் பை, ஒரு கையில முக்காலி, இன்னொரு கையில போன் வெளிச்சம். அப்பாவைப் பிடிக்க எனக்கு மூணாவது கை இல்லை. ஒரு படியில கால் வழுக்கி முட்டி கல்லுல மோதிடுச்சு. அவங்க சத்தமே போடலை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துட்டு, என் கையில இருந்த முக்காலியை வாங்கி, மடக்கினபடியே தரையில ஊனி எழுந்தாங்க. அதை ஊனிக்கிட்டுத்தான் கீழே வரைக்கும் இறங்கினாங்க. அந்த 2.4 கிலோ அன்னிக்குத்தான் உருப்படியா ஒரு வேலை செஞ்சது.

மறுநாள் விட்டலர் கோயில். ஹம்பிக்கு வர அப்பா ஒத்துக்கிட்டதே அங்க இருக்கற கல் தேருக்காகத்தான். 2017ல வந்த புது 50 ரூபாய் நோட்டோட பின்பக்கத்துல அச்சடிச்சிருக்காங்களே, அதேதான். ஆனா முட்டி வீங்கிப் போய்க் காலை ஊனவே முடியலை. "அம்பது ரூவா நோட்டுல பாத்தாச்சே, போதும்ல. நீங்க போயிட்டு வாங்க"ன்னு ரூம்லயே இருந்துட்டாங்க. நான் போனேன். தொல்லியல் துறை இடங்கள்ல கையில பிடிச்சு எடுக்கலாம், முக்காலி வைக்கணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். அதனால அதுவும் ரூம்லயே அப்பாவுக்குத் துணையா கிடந்தது. கல் தேரை அம்பது அறுபது படம் எடுத்திருப்பேன். சாயங்காலம் அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டு ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு, "நல்லா இருக்குல"ன்னாங்க. அந்தப் படம் எதையும் நான் சட்டம் போடலை.

வர்ற ஜனவரியில மறுபடி ஹம்பி. அப்பாவைக் கல் தேர் முன்னாடி நிறுத்தறது மட்டும்தான் திட்டம். வண்டி நிறுத்தற இடத்துலேருந்து கோயில் வரைக்கும் பேட்டரி வண்டி இருக்கு, அதுல போயிடலாம். மாதங்க மலைப் பக்கம் தலை வச்சுப் படுக்கறதா இல்லை. கூடையிலிருந்து முக்காலியை எடுத்துட்டேன். நட்சத்திரம் எடுக்கத் தனியா ஸ்பிதி மாதிரி எங்கேயாவது போற காலம் வந்தா, அன்னிக்குப் பரண்ல இருக்கறதையே தூக்கிக்கிட்டு மூச்சு வாங்கிக்கறேன்.

நாலு பேரும் சேர்ந்து நிக்க, மஞ்சப்பையில ஒரு கிலோ துவரம் பருப்பைக் கட்டிக் கட்டைச் சுவர் மேல வச்சு, அது மேல கேமராவை அழுத்தி உட்கார வச்சுப் பார்த்தேன். மொட்டை மாடியில சோதனை பண்ணினப்ப ரெண்டு நொடி அசையாம நின்னுச்சு. அம்மாதான் "தின்கிற சாமான வச்சு வெளையாடுதான் பாரு"ன்னு திட்டினாங்க. ஊர்லேருந்து திரும்பினதும் அதையே சாம்பார் வச்சுடலாம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

இன்னொண்ணும் வாங்கிட்டேன். மலை ஏறறவங்க வச்சிருக்கற நடைக்கம்பு, 1,800 ரூபாய். கைப்பிடி மேல இருக்கற மூடியைத் திருகினா கால் இஞ்ச் திருகாணி இருக்கும், கேமராவை மாட்டிக்கலாம். ஒத்தைக் கால்தான். அப்பாகிட்ட, "எனக்குத்தான்ப்பா, கேமரா வைக்க. நீங்க நடக்கும்போது சும்மா கையில பிடிச்சுக்கோங்க"ன்னு கொடுத்தேன். வாங்கி நீட்டி, மடக்கி, வாசல் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்தாங்க.

"போன தடவ உள்ளத விட கனம் கொறச்சலா இருக்குல"ன்னாங்க.