308-ஐப் பேணும் கைகள்

பாதுகாப்புக் கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்ட பிறகுதான் லேசரைப் பேணுபவர் அதன் மூடியைத் திறந்தார். உள்ளே எதுவும் தெரியவில்லை. கற்றை போகும் வழியில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். தாளின் நடுவே நீலச் செவ்வகம் ஒன்று பளிச்சென்று துடித்தது. "காகிதத்துக்குத்தான் இது தெரியும், நமக்குத் தெரியாது" என்றார்.

தெற்குப் பிரான்சில், ப்ரோவான்ஸ் குன்றுகள்மேல் சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓட்-ப்ரோவான்ஸ் வானாய்வகம். 1995-இல் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்த தொலைநோக்கியைப் பார்க்கத்தான் பலரும் இங்கே வருகிறார்கள். நான் வந்தது ஓசோனை அளக்கும் லேசர் அறைக்காக. ஓசோன் படலம் இருப்பதை ஃபாப்ரியும் ப்வீசோனும் 1913-இல் கண்டறிந்ததும் இதே வட்டாரத்து மார்செய் நகரில்தான். வானத்து ஓசோன் முழுவதையும் தரைக்கு இறக்கிப் பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் தேறும். அந்த 3 மில்லிமீட்டர் எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துச் சொல்வதே இங்குள்ளவர்களின் வேலை.

இரண்டு புற ஊதா ஒளிகளை மேலே அனுப்புகிறார்கள். 308 நானோமீட்டர் ஒளியை ஓசோன் ஓரளவு விழுங்கும். 355-ஐ ஏறக்குறைய தொடாது. காற்றில் பட்டுத் திரும்பும் இரண்டையும் ஒப்பிட்டால், குறைந்தது எவ்வளவோ அதுவே ஓசோனின் கணக்கு. திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் உயரத்தைச் சொல்லிவிடும். இன்னும் குறுகிய 266-ஐ அனுப்பினால் என்ன என்று கேட்டேன். படலத்தைத் தாண்டுமுன்பே அது தீர்ந்துபோகும் என்றார். தரையை ஒட்டிய காற்றில் ஓசோன் குறைவு. அங்கே அளக்க வலுவாக விழுங்கப்படும் ஒளி வேண்டும். அதற்காக 266-ஐ டியூட்டிரியம் அடைத்த அழுத்தக் குழாய்க்குள் செலுத்தி 289, 316 என்ற இரண்டு ஒளிகளாக மாற்றிக்கொள்கிறார்கள். விழுங்கப்படுவது மிதமிஞ்சினால் ஒளி திரும்பாது, குறைந்தால் ஓசோன் தெரியாது. புற ஊதா லேசரை வடிவமைப்பவரின் தலைவலி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

308-ஐத் தருவது செனான் குளோரைடு. மின்சாரம் பாயும் கணத்தில் மட்டும் பிறந்து, ஒளியை உமிழ்ந்ததும் பிரிந்துவிடும் மூலக்கூறு அது. குழாய்க்குள் செனான், ஹைட்ரஜன் குளோரைடு, நிறைய நியான். ஹைட்ரஜன் குளோரைடு உலோகச் சுவரை மெல்லத் தின்று தானும் குறைந்துகொண்டே வரும். ஒளி மங்கும், மின்னழுத்தத்தைக் கூட்டுவார்கள். அதுவும் போதாமல் போனால் பழைய வாயுவை வெளியேற்றிப் புதிதாக நிரப்ப வேண்டும். தேய்ந்த மின்முனைகளின் தூசு குழாயின் சன்னலில் படியும். அதைக் கழற்றித் துடைக்க வேண்டும். அவர் துடைத்த விதத்தை நான் மறக்க மாட்டேன்: ஒரே திசையில், ஒரே இழுப்பு, ஒவ்வொரு முறைக்கும் புதுத்தாள்.

355-இன் கதை வேறு. அகச்சிவப்பு லேசரின் 1064-ஐ இரண்டு படிகங்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குகின்றன. படிகம் மயிரிழை சாய்ந்தாலோ, அதன் சூடு சற்றே மாறினாலோ புற ஊதா சரிந்துவிடும். ஆகவே அந்திக்கு வெகுமுன்பே லேசரை ஓடவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினட்டுபோ எரிமலை வெடித்தபோது அடுக்குமண்டலத்தில் கந்தக அமிலத் துளிகள் நிறைந்தன. அவற்றில் பட்டுச் சிதறிய ஒளி கணக்கைக் குழப்பியது. நைட்ரஜன் மட்டும் நிறம் மாற்றித் திருப்பும் 332, 387 ஒளிகளைப் பிடிப்பதுதான் தீர்வானது. ஆனால் அவை மிக மிக மங்கலானவை. ஆகவே லேசரின் ஒவ்வொரு துளி ஆற்றலும் பொன்னானது. பல ஆண்டு அளவுகளை ஒன்றோடொன்று வைத்து ஓசோன் மீள்கிறதா என்று நாம் கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு அடியில் இந்தத் துடைத்தலும் இருக்கிறது என்பதை நான் நம்புகிறேன்.

அன்று மிஸ்ட்ரால் காற்று வீசி மேகங்களை ஓட்டியிருந்தது. இருட்டியதும் கூரை மூடி திறந்தது. திரையில் இரண்டு வளைவுகள் தோன்றின. 308 மட்டும் மேலே போகப் போக விரைவாகச் சரிந்தது. மணிக்கணக்கில் சேர்த்தால்தான் 40 கிலோமீட்டருக்கு மேல் தெளிவு கிடைக்கும். அவர் குறிப்பேட்டைத் திறந்து வாயுவின் அழுத்தம், மின்னழுத்தம், தொடங்கிய நேரம் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிவிட்டு, நாற்காலியை லேசரின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.